டில்லியில எடுக்குற வரைக்கும்

பூவாயி: கால் வலின்னு மட்டும் சொல்லாத. அத மூணு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிட்ட.

உத்திராபதி: சக்கர.

பூவாயி: அது போன வருசம். இந்த வருசத்துக்குப் புதுசா எதனா வச்சிருக்கியா?

உத்திராபதி: யாவாரத்தப் பாரு பூவாயி. அந்தம்மா எவ்ளோ நேரமா சங்கராவப் பொரட்டிகினு நிக்குது.

பூவாயி: எம்மா, எல்லாம் விடிகாலைல வந்த மீனு. செவுளத் தூக்கிப் பாரு... ஆங், எடுத்துக்க. அந்தாண்ட குடு, வெட்டிக் குடுப்பாங்க... நீ பேச்ச மாத்தாத. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் காப்பு. வருவியா மாட்டியா?

உத்திராபதி: ஐஸ் எறக்க வந்தவனப் புடிச்சி, மார்க்கெட்டு நடுவுல நிக்க வச்சி கேக்கற கேள்வியா இது?

பூவாயி: ஊட்ல கேட்டா எழுந்து கடல் பக்கம் போயிடற. இங்க எங்க போவ? உன் லோடு ஆட்டோவ நாலு வண்டி மறிச்சிகினு நிக்குது.

உத்திராபதி: எனக்கு அறுவத்திரெண்டு ஆவுது. இது தீ எறங்கற வயசா?

பூவாயி: உன்ன யாரு எறங்கச் சொன்னது? கரகம் தூக்கி எறங்கப் போறது உன் புள்ள. சரத்குமாரு. என் மருமவன். நீ அவன் கையில மஞ்சக் கயித்தக் கட்டணும், அவ்ளோதான். அஞ்சு நிமிசம்.

உத்திராபதி: வேற யாரனா கட்டட்டும்.

பூவாயி: தெரியாத மாதிரி பேசு. கரகம் தூக்குன கைதான் தூக்கப் போற கைக்குக் காப்பு கட்டணும். நம்ம பங்காளி அம்மாவாசை இத்தினி வருசமா தூக்குனான், அவனும் போய்ச் சேந்துட்டான். உசுரோட இருக்கறதுல தூக்குனவன் நீ ஒருத்தன்தான்.

உத்திராபதி: நான் ஒரே ஒரு வருசம் தூக்குனவன்.

பூவாயி: தூக்குனது தூக்குனதுதான். இன்னிக்கு நீ கட்டலன்னா மொற அரிகிருஷ்ணன் வகையறாவுக்குப் போயிடும். அப்பறம் நம்ம ஊட்டுக்குத் திரும்பாது. உன் புள்ள லாஸ்பேட்டையில வேலைக்கு லீவு போட்டுட்டு, ஒரு வாரமா கவுச்சி தொடாம, கோயில்லயே படுத்துக்கினு கெடக்கறான்.

உத்திராபதி: போனா போவட்டும்.

பூவாயி: இன்னொரு தரம் சொல்லு, இந்த வாளித் தண்ணிய தலையில ஊத்தறேன்.

உத்திராபதி: ஊத்து. வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும்.

பூவாயி: நோட்டீஸப் பாத்தியா?

உத்திராபதி: பாக்கல.

பூவாயி: பொய். மடிச்சி ஆட்டோ சீட்டுக்கு அடியில வச்சத என் பொண்ணு சுவேதா பாத்திருக்கா. பாத்துட்டு ‘அம்மா, மாமா ஏன் அத ஒளிச்சி வைக்கறாரு’ன்னு கேக்குது... வாங்க டீச்சர். இன்னிக்கு வவ்வா நல்லா இருக்கு.

அறிவுமதி: அரைக் கிலோ போடுங்கக்கா. பெருசா வேண்டாம்... இது என்ன நோட்டீஸ்?

பூவாயி: எங்க ஊருத் தீமிதி டீச்சர். அரியாங்குப்பம் தாண்டி, கடலோரம். எடுத்துப் படிங்க. கீழ போட்டிருக்கு பாருங்க, உத்திராபதின்னு. அது இவருதான். எங்கண்ணன்.

அறிவுமதி: ‘1991-ஆம் ஆண்டு தலைவர் படுகொலையால் மூன்று நாள் தடைபட்ட தீமிதியில் கரகம் சுமந்த உத்திராபதி அவர்களின் தந்தை, மகன் தீ இறங்கும் வரை உயிரைப் பிடித்திருந்து அதன் பின்னரே இறைவனடி சேர்ந்தார்...’ இவரா?

உத்திராபதி: நான்தான். ஐஸ் யாவாரம்.

அறிவுமதி: ராஜீவ்காந்தி இறந்ததுக்கும் உங்க தீமிதிக்கும் என்ன?

பூவாயி: மறுநாள் தீமிதி டீச்சர். ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்சிடுச்சி. விடிஞ்சா பஸ் இல்ல, கட இல்ல. இங்க குண்டத்துக்குக் கட்ட அடுக்கி வச்சாச்சு. நூத்தி இருவது பேரு காப்பு கட்டி நிக்கறாங்க.

உத்திராபதி: மாதா கோயில்ல சாவு மணி அடிச்சாங்க, பூச வச்சாங்க. பள்ளிவாசல்ல துவா பண்ணாங்க. அவங்க வேல அன்னிக்கே முடிஞ்சிடுச்சு.

பூவாயி: எங்க ஊர்லதான் பஞ்சாயத்துக் கூட்டினாங்க. தெருவுல ஒரு பொணம் கெடந்தா நாங்க கோயில் நட தொறக்க மாட்டோம். பொணத்த எடுத்து, தெருவக் கழுவி, அப்பறந்தான் சாமி. அப்ப கோவிந்தராசுன்னு ஒரு தலைவரு. அவரு எழுந்து, நாட்ட ஆண்டவரு செத்துக் கெடக்கறாரு, இந்த நாடே அவரு ஊடுதான், ஊட்டுக்குள்ள பொணத்த வச்சிகினு நீங்க தீ மூட்டுவீங்களான்னு கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.

அறிவுமதி: ஆனா உடல் டில்லிக்குப் போயிருக்குமே.

உத்திராபதி: அதான். டில்லியில எடுக்குற வரைக்கும் இங்க குண்டம் மூட்டக் கூடாதுன்னு தீர்ப்பு.

அறிவுமதி: எத்தன நாள் ஆச்சு?

பூவாயி: மூணு நாளு. ஒரு ஊட்லயும் அடுப்பெரியல. சாவு ஊட்டுக்குச் சோறு வர்ற மாதிரி பக்கத்து குப்பத்துலேர்ந்து அண்டாவுல வந்துச்சு.

உத்திராபதி: அவங்களும் மொத நாளு குடுத்தாங்க. ரெண்டாம் நாளு, இன்னுமா எடுக்கலன்னு கேட்டாங்க.

பூவாயி: எப்ப எடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஊர்ல இருந்தது ஒரே டிவி. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்குற சொல்தா ஊட்ல. ஊரே அவரு வாசல்ல ஒக்காந்துகினு இருக்கு. அந்தம்மாவுக்கு வாசல் தெளிக்க எடமில்ல.

அறிவுமதி: பொணம் எடுக்கறதப் பாக்கறதுக்கா டிவி?

பூவாயி: வேற எதுக்கு? யாரு யாரோ பெரிய பெரிய ஆளுங்க வந்து மால வைக்கறாங்க. எங்க ஆளுங்களுக்கு அதெல்லாம் கணக்குல இல்ல. எப்ப தூக்குவாங்க, அதான். வெள்ளிக்கிழம சாயங்காலம் நெருப்பு வச்சாங்க. பாதி பேரு மார்ல அடிச்சிகினு அழுவறாங்க. பாதி பேரு ‘எடுத்தாச்சு, தெருவக் கழுவுங்க’ன்னு ஓடறாங்க.

உத்திராபதி: அழுதவங்களேதான் ஓடினாங்க.

பூவாயி: மறுநாளு ஊரே கடல்ல முழுகி எழுந்து, தீட்டுக் கழிச்சி, சாயங்காலம் தீமிதி. சனிக்கிழமையில.

அறிவுமதி: அன்னிக்குத்தான் உங்கப்பா...

பூவாயி: ஆமா டீச்சர். ரொம்ப நாளா இழுத்துக்கினு கெடந்தாரு.

அறிவுமதி: மகன் தீ இறங்கி முடிக்கட்டும்னு காத்திருந்தாரு. எவ்வளவு பெரிய மனசு.

உத்திராபதி: டீச்சர், மீனு வெயில்ல இருக்கு. சீக்கிரம் கொண்டும்போய் ஃபிரிட்ஜில வைங்க.

அறிவுமதி: சரி சரி. வர்றேன்கா. தீமிதிக்கு முடிஞ்சா வர்றேன்.

பூவாயி: வாங்க டீச்சர், கூழு ஊத்துவோம்... இன்னாத்துக்கு அவங்கள வெரட்டுன? வாரா வாரம் வர்றவங்க.

உத்திராபதி: பெரிய மனசுன்றாங்க.

பூவாயி: சொன்னா இன்னா? ஊரே சொல்றதுதானே.

உத்திராபதி: ஊரு சொல்லட்டும். அச்சடிச்சி போடணுமா? யாரு போடச் சொன்னது?

பூவாயி: மதிவாணன் தலைவரே எழுதுனாராம். அவங்கப்பா கோவிந்தராசு தீர்ப்பு அதுல வருதுல்ல. அதான்.

உத்திராபதி: அந்தத் தீர்ப்பு... அந்தாளு ராஜீவுக்குப் பதினாறாம் நாளு காரியமும் பண்ணாரு, தெரியும்ல? கடக்கரையில போட்டாவ வச்சி, தலைய மழிச்சிகினு, பெத்த புள்ள மாதிரி. ஊரே சாப்டுச்சு.

பூவாயி: தெரியாம இன்னா. நம்ம அப்பா காரியம் அதுக்கு நாலாம் நாளு. அதுல வந்ததுல பாதி சனம் இதுக்கு வரல. வடையெல்லாம் மீந்து போச்சு.

உத்திராபதி: அத நீ இன்னும் மறக்கலியா?

பூவாயி: வடைய மறந்துட்டேன். வராதவங்கள மறக்கல. சரி. அப்பா செத்தாரு, அடுத்த வருசம் நீ தூக்கல, நாயம். அதுக்கு மறு வருசம் கால் வலின்ன. நல்லாக் கட்டுமரம் தள்ளிகினு இருந்த அப்ப. அம்மாவாசை கிட்ட குடுத்துட்ட. இத்தினி வருசத்துல ஒரு தரமாவது அந்தக் கரகத்தத் தொட்டியா? கோயில் நடையாவது ஏறினியா? வெளியவே நின்னு கும்புட்டுட்டுப் போற. நான் கவனிக்கலன்னு நெனச்சிகினியா?

உத்திராபதி: கவனிச்சிட்டுத்தான் பேசாம இருந்தியா?

பூவாயி: நீயா சொல்லுவன்னு இருந்தேன். இன்னிக்கு அதுக்கும் நேரமில்ல. புள்ள அங்க நீ வருவியா வருவியான்னு வழியப் பாத்துகினு இருக்கான்.

உத்திராபதி: யாரனா வர்றாங்களா பாரு.

பூவாயி: எவனும் வரல. மணி ஒண்ணரையாவுது. சொல்லு.

உத்திராபதி: அன்னிக்கு ஊர்ல இன்னா பேசிகினாங்கன்னு ஞாபகம் இருக்கா? அந்த மூணு நாளும்.

பூவாயி: கரகம் தூக்குறவன் ஊட்ல எதுவோ குத்தம், அதான் தடங்கலுன்னு பேசிகினாங்க.

உத்திராபதி: அரிகிருஷ்ணன் அப்பாதான் ஆரம்பிச்சாரு. டில்லித் தலைவரு செத்ததுக்கு இந்த உத்திராபதி சுத்தமில்லாததுதான் காரணம்னு.

பூவாயி: அத நம்பவும் நாலு பேரு இருந்தாங்க.

உத்திராபதி: நாப்பது பேரு இருந்தாங்க. சனிக்கிழம கடல்ல முழுகிட்டு வரேன். பெத்தவங்க கால தொட்டுட்டுத்தான் கரகத்தத் தொடணும். அம்மா இல்ல. அப்பாவால எழுந்து வர முடியாது. அதனால நான் ஊட்டுக்கு வந்தேன். மத்தியானம்.

பூவாயி: வந்த.

உத்திராபதி: குனிஞ்சி காலத் தொட்டேன்.

பூவாயி: ம்.

உத்திராபதி: கத்திரி வெயிலு. ஊடே அனலாக் கெடக்குது. அந்தக் காலு... இதோ இந்த ஐஸ் பொட்டியில கெடக்கற மீனு மாதிரி இருந்துச்சு பூவாயி. நான் தொடாத பொணமா? கடல்லேர்ந்து எத்தினி பேரத் தூக்கியாந்திருக்கேன். தொட்டதும் தெரிஞ்சிடுச்சு. சொல்லியிருக்கணும். வெளிய வந்து ஒரு கொரலு குடுத்திருந்தா முடிஞ்சிது. குடுக்கல. வெளிய மோளக்காரன் நிக்கறான். நூத்தி இருவது பேரு ஈரத் துணியோட நிக்கறாங்க. ஊட்ல பொணம்னு சொன்னேன்னு வையி, திரும்ப எல்லாம் நின்னு போவும். பாத்தியா, இவன் ஊட்லதான் குத்தம்னு அரிகிருஷ்ணன் அப்பா நடுத்தெருவுல நின்னு சொல்லுவாரு. அந்தப் பேரோட நீ எங்க வாழ்க்கப்படுவ? எல்லாம் ஒரு நிமிசத்துல ஓடுது மண்டையில. திரும்பி வந்துட்டேன். தீட்டோட கரகத்தத் தூக்கி தலையில வச்சேன். தீட்டோட எறங்கினேன்.

பூவாயி: காலு சுட்டுச்சா?

உத்திராபதி: அதான். ஒரு கொப்புளம் வரல. தீட்டோட எறங்கினா வெந்து போவும்னுதானே சொல்லி வளத்தாங்க? வெந்திருந்தா பட்ட கடன் தீந்துச்சின்னு இருந்திருப்பேன். அம்மன் ஒண்ணும் பண்ணல. இன்னிக்குப் பண்ணுவா, நாளைக்குப் பண்ணுவான்னு பாத்துகினே முப்பத்தஞ்சு வருசம் போச்சு.

பூவாயி: ராத்திரி அப்பாவக் குளிப்பாட்டினது அன்னக்கிளி அத்தயாச்சே. அதுக்குக் கூடவா தெரியல?

உத்திராபதி: தெரியாம இருக்குமா? கைய மடக்கப் பாத்துச்சு, மடங்கல. என்ன ஒரு பார்வ பாத்துச்சு. அப்பறம் மார்ல அடிச்சிகினு ஒக்காந்து, ‘புள்ள தீயெறங்கற வரைக்கும் உசுரப் புடிச்சிருந்தியே’ன்னு ஒப்பாரி வச்சிது. அங்கேர்ந்து ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நோட்டீஸ்ல நிக்குது. அத்தையும் யாருக்கும் சொல்லாம போய்ச் சேந்துடுச்சு.

பூவாயி: இதுக்குத்தானா கரகத்தத் தொடல?

உத்திராபதி: இல்ல.

பூவாயி: இன்னும் இன்னா இருக்கு?

உத்திராபதி: சாமி கிட்ட பொய் சொன்னத சாமி பாத்துக்கும். ஊர ஏமாத்தினது ஊருக்கு நல்லதுதான். அது இல்ல.

பூவாயி: சொல்லுண்ணே.

உத்திராபதி: நீ அங்க தலமாட்டுல ஒக்காந்துகினு இருந்த. பனவோலை விசிறியால அவருக்கு விசிறிகினு இருந்த. நான் காலத் தொட்டுட்டு நிமுந்து உன்னப் பாத்து, ‘நல்லாத் தூங்கறாரு, எழுப்பாத’ன்னேன். நீ சரிண்ணேன்னு தலையாட்டின. திரும்ப விசிற ஆரம்பிச்ச. வாசல்ல வந்து ஒரு தரம் திரும்பிப் பாத்தேன். விசிறிகினேதான் இருந்த. இருவத்தொரு வயசுப் பொண்ணு. அப்பா தூங்கறாருன்னு நம்பிகினு. நான் அந்தாண்ட தலையில கரகம் வச்சிகினு ஆடறேன், நீ இங்க ராத்திரி வரைக்கும் பொணத்துக்கு விசிறிகினு ஒக்காந்திருக்க. உன்ன வுட்டுட்டு வந்தேனே, அதுதான் எனக்கு. அந்தக் கையி ஆடறது கண்ணுலயே நிக்குது. நீ ஊட்ல சோத்துக்கு விசிறினாக்கூட நான் எழுந்து போயிடறது அதனாலதான்.

பூவாயி: கை கழுவாம எழுந்து போறன்னு உன்னத் திட்டியிருக்கேன்.

உத்திராபதி: திட்டின.

பூவாயி: இத ஏன் இத்தினி வருசமா சொல்லல?

உத்திராபதி: எப்படிச் சொல்றது? நீ விசிறினது பொணத்துக்குன்னு உன் மூஞ்சியப் பாத்து சொல்லணுமே. நீ பாட்டுக்கு நிம்மதியா இருந்த. அதையும் ஏன் கெடுக்கணும்?

பூவாயி: நிம்மதியா இருந்தேன்.

உத்திராபதி: சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. உனக்கு அப்பிடிப் பண்ண கை இது. இந்தக் கையால சரத்து கையில கட்டலாம்னு நீ சொன்னா, அஞ்சு மணிக்கு வந்து கட்டறேன். வேணாம்னா இப்பவே போய் அரிகிருஷ்ணனுக்கு எழுதிக் குடுத்துடறேன். உன் மருமவன்தான், உன் பேச்சுதான்.

பூவாயி: ...

உத்திராபதி: பேசு பூவாயி.

பூவாயி: நீ வந்தது மத்தியானம்.

உத்திராபதி: ஆமா.

பூவாயி: அன்னிக்குக் காலைலதான் மூணு நாளு கழிச்சி ஊர்ல அடுப்பு மூட்டினாங்க. அன்னக்கிளி அத்த மொத வேலையா அப்பாவுக்குன்னு கஞ்சி கொண்டாந்துச்சு. உள்ள வுடல. வாசல்லயே வாங்கிகினேன்.

உத்திராபதி: ஏன் வுடல?

பூவாயி: இப்பதான் கண்ண மூடினாரு, எழுந்தா ஊட்டறேன்னு சொன்னேன். அது, ஊட்டிட்டு குண்டானக் குடு, வேற ஊட்டுக்கும் கொண்டும்போவணும்னு வாசல்லயே நிக்குது. வெறும் குண்டானத் திருப்பிக் குடுக்கணும். அந்தக் கஞ்சிய நான்தான் குடிச்சேன்.

உத்திராபதி: நீயா? அப்பாவுக்குக் குடுத்ததையா... எதுக்கு?

பூவாயி: விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாருண்ணே. டில்லிக்காரருக்கு மூணு நாளு அடுப்ப அணைச்ச ஊரு, நம்ம அப்பாவுக்கு அரை நாளு அணைக்குமா? உன்னத்தான் கிழிப்பாங்க. அதான் யாருக்கும் சொல்லல. நீ காலத் தொட வந்தப்ப தெரிஞ்சிடும்னு பயந்தே போயிட்டேன். தூங்கறாரு, எழுப்பாதன்னு சொல்லிட்டுப் போனியே... நல்லவேள, இவனுக்குத் தெரியலன்னு நெனச்சேன். காத்துக்கா விசிறினேன்ற? ஈ ஓட்டிகினு இருந்தேன். வண்டிய எடுக்கச் சொல்லு அவனுங்கள. நீதான் கட்டற.